ஜீன் இருக்கிறது, ஏடு மட்டும் படியவில்லை

கொம்புச்சா ஜாடியில் மேலே மிதக்கும் வழவழத் தட்டு, நாட்டா டி கோகோ என்று டப்பாவில் விற்கும் தேங்காய்த் தண்ணீர் ஜெல்லித் துண்டு, புண்ணின் மேல் ஒட்டும் ஈரமான வெள்ளைத் தாள், மூன்றும் ஒரே பொருள்தான். பாக்டீரியா நூற்ற செல்லுலோஸ். காய்ச்சிய பாலில் படிவது மாதிரி திரவத்தின் மேல்பரப்பில் படிவதால் இதை ஏடு என்றே எழுதுகிறேன். 1886-ல் ஏட்ரியன் பிரவுன் வினிகர்ப் பாக்டீரியா ஒன்றின் ஏட்டைச் சோதித்து, இது செல்லுலோஸ் என்று எழுதினார். அந்தப் பாக்டீரியாவுக்கு அப்போதிருந்து பெயர் மாறிக்கொண்டே வருகிறது. அசிட்டோபாக்டர் சைலினம், பிறகு குளுக்கோன்அசிட்டோபாக்டர் சைலினஸ், இப்போது கொமகட்டாயிபாக்டர் சைலினஸ். பழைய கட்டுரைகள் வேண்டுமென்றால் மூன்று பெயரிலும் தேட வேண்டும். இங்கே சைலினஸ் என்று சுருக்கிக்கொள்கிறேன்.

நம் பக்கம் இதைப் பற்றிக் கேட்பவர்கள் இரண்டு வகை. வேலூர் சுற்றுவட்டாரக் கல்லூரிகளில் பயோடெக், மைக்ரோபயாலஜி கடைசி ஆண்டு புராஜெக்ட் செய்பவர்கள் ஒரு வகை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் தோல் தொழிலில் இருந்துகொண்டு, 'பாக்டீரியா தோல்' என்று வரும் செய்திகளைப் பார்த்து யோசிப்பவர்கள் இன்னொரு வகை. இரு தரப்பும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: எந்தச் சர்க்கரை போட்டால் அதிகம் வரும்? கரும்புச்சாறா, வெல்லமா, தேங்காய்த் தண்ணீரா? கேள்வியில் தப்பில்லை. ஆனால் ஏடே படியாமல் போனால், சர்க்கரையைச் சந்தேகிப்பதற்கு முன் செல்லுக்குள் இருக்கும் ஒரு பூட்டைச் சந்தேகிக்க வேண்டும். அந்தப் பூட்டையும் அதைத் திறக்கும் சாவியையும், சாவியைச் செய்கிற, உடைக்கிற புரதங்களையும் பற்றித்தான் இந்தப் பதிவு.

நூற்கும் எந்திரத்தை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிசிஎஸ் என்ற ஜீன் வரிசையில் ஏ, பி, சி, டி என்று நான்கு. சைலினஸில் இந்த வரிசை 1990-ல் வெளிவந்தது. பிசிஎஸ்-ஏ புரதம் உட்சவ்வில் உட்கார்ந்து, சுமக்கும் மூலக்கூறோடு ஒட்டிய குளுக்கோஸான யுடிபி-குளுக்கோஸிலிருந்து குளுக்கோஸை ஒவ்வொன்றாக எடுத்துக் கோக்கிறது. கோத்துக்கொண்டே சங்கிலியைச் சவ்வின் வழியே வெளியே தள்ளுகிறது. பிசிஎஸ்-பி வெளிப்பக்கத்தில் அதைத் தாங்கி நிற்கிறது. பிசிஎஸ்-சி வெளிச்சவ்வின் வாசல். பிசிஎஸ்-டி, எட்டுத் துண்டுகள் சேர்ந்த வளையம். வெளிவரும் சங்கிலிகளை ஒழுங்காகச் சேர்த்துப் படிகமாக்குவதில் அதற்குப் பங்கு உண்டு. சைலினஸ் செல்லில் இந்த எந்திரங்கள் நீளவாக்கில் ஒரே வரிசையாக நிற்பதால் எல்லா இழையும் சேர்ந்து ஒரு நாடாவாக வருகிறது. அந்த நாடா நீள நீள, செல்லே பின்னோக்கித் தள்ளப்படுகிறது, நிமிடத்துக்குச் சுமார் 2 மைக்ரோமீட்டர் வேகத்தில்.

இந்த எந்திரம் பெரும்பாலும் கட்டி முடித்துத் தயாராகவே நிற்கிறது என்பதைத்தான் புராஜெக்ட் செய்பவர்கள் கவனிக்கத் தவறுகிறார்கள். சால்மோனெல்லாவில் பிசிஎஸ் ஜீன்கள், செல்லுலோஸ் ஒரு துளியும் வராத நிலையிலும் படியெடுக்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. எனவே ஜீன் எவ்வளவு படியெடுக்கப்படுகிறது என்று அளக்கும் ஆர்டி-பிசிஆர் போட்டு, 'பிசிஎஸ்-ஏ இரண்டு மடங்கு ஏறியது, ஆகவே செல்லுலோஸ் ஏறியது' என்று எழுதும் ரிப்போர்ட்டுக்கு மதிப்பு மிகக் குறைவு. குடியாத்தத்தில் தறி எத்தனை இருக்கிறது என்று எண்ணிவிட்டு, இன்றைக்கு எத்தனை லுங்கி இறங்கியது என்று சொல்ல முடியுமா?

சாவிக்கு வருவோம். ஜெருசலேம் ஹீப்ரூ பல்கலைக்கழகத்தில் மோஷே பென்சிமான் குழு சைலினஸ் செல்களை உடைத்து, சவ்வுத் துணுக்குகளை மட்டும் வைத்து செல்லுலோஸ் செய்ய முயன்றது. யுடிபி-குளுக்கோஸ் தாராளமாக இருந்தும் வேகம் மிகக் குறைவு. ஜிடிபி, அதாவது குவானோசின் டிரைபாஸ்பேட், சேர்த்தால் பல மடங்கு ஏறியது. ஆனால் ஜிடிபி நேரடிச் சாவி இல்லை. வேறொரு புரதம் இரண்டு ஜிடிபி மூலக்கூறுகளை எடுத்து வளையமாகச் சேர்த்துச் செய்யும் பொருள்தான் சாவி. 1987-ல் அதை அடையாளம் கண்டு நேச்சர் இதழில் வெளியிட்டார்கள்: சைக்ளிக் டைஜிஎம்பி. இன்று நூற்றுக்கணக்கான பாக்டீரியாக்களில், நீந்துவதா ஒட்டுவதா என்ற முடிவையே எடுக்கும் இந்த மூலக்கூறு, முதன்முதலில் அகப்பட்டது செல்லுலோஸ் ஆராய்ச்சியில்தான்.

அதன் அளவு எப்படி ஏறி இறங்குகிறது என்பதற்கு நம் ஊர் ஏரியை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. காவேரிப்பாக்கம் ஏரிக்குப் பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியே வரத்து. மதகு வழியே போக்கு. நீர்மட்டம் இரண்டின் வித்தியாசம். செல்லுக்குள் வரத்து, டைகுவானிலேட் சைக்ளேஸ் என்ற என்சைம்கள். இவற்றில் கிளைசின், கிளைசின், அஸ்பார்டேட், குளுட்டமேட், ஃபினைல்அலனின் என்ற ஐந்து அமினோ அமிலங்கள் அடுத்தடுத்து வரும். அவற்றின் ஓரெழுத்துக் குறிகளைச் சேர்த்து ஜிஜிடிஇஎஃப் பகுதி என்பார்கள். போக்கு, பாஸ்போடைஎஸ்ட்டரேஸ் என்சைம்கள். இவற்றின் அடையாளம் இஏஎல் பகுதி. இவை வளையத்தை ஒரு பக்கம் வெட்டி நீட்டிவிடும். நீண்ட துண்டு பிறகு இரண்டு ஜிஎம்பியாக உடையும். இரண்டு வகைக்கும் மெக்னீசியம் தேவை. போக்கு என்சைமைக் கால்சியம் தடுக்கும்.

இதைப் படித்துவிட்டு, 'நம் போர்வெல் தண்ணீரில் கால்சியம் ஏகப்பட்டது, அதை ஊற்றினால் ஏடு தடிக்குமா?' என்று கேட்பார்கள். தடிக்காது. செல் தன் உள்ளே இருக்கும் கால்சியத்தை வெளித் தண்ணீரைப் பார்த்து வைத்துக்கொள்வதில்லை. மாறாக, உப்புத் தண்ணீரில் மீடியம், அதாவது பாக்டீரியா வளர்க்கும் சத்துக் கரைசல், கலந்து ஆட்டோகிளேவில் நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கினால் கால்சியம் பாஸ்பேட்டாக அடியில் வெள்ளையாக இறங்கும். பிஎச்சைப் பிடித்து வைக்கும் பஃபரும் போச்சு, முதல் நாளே 'ஏதோ வளர்ந்திருக்கிறது' என்ற ஏமாற்றமும் வரும். டிஸ்டில்டு வாட்டரோ ஆர்ஓ தண்ணீரோ போதும்.

சைலினஸில் இந்த வரத்து, போக்கு ஜீன்கள் ஜோடி ஜோடியாக மூன்று இடங்களில் இருப்பதாக 1998-ல் பென்சிமான் குழு காட்டியது. செல்லின் மொத்த வரத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் முதல் ஜோடியிடமிருந்து, 15 இரண்டாவதிடமிருந்து, 5 மூன்றாவதிடமிருந்து. முதல் ஜோடியைக் கெடுத்தால் ஏடு மெலியும், மூன்றாவதைக் கெடுத்தால் கண்ணுக்கே தெரியாது. ஜீனை நாக்அவுட் செய்ய, அதாவது வேலை செய்யாமல் கெடுக்க, திட்டமிடுபவர்கள் எதிலிருந்து தொடங்க வேண்டும் என்பதற்கு இந்த எண்கள் போதும்.

ஏன் ஏடு காற்றுப்படும் பரப்பில் மட்டும் படிகிறது என்பதற்கும் இந்த என்சைம்களிடம் பதில் உண்டு. செல்கள் அங்கே அதிகம் என்பது பாதிப் பதில். போக்கு என்சைம்களில் ஒன்றின் தலைப்பகுதியில் ஹீம் இருக்கிறது, நம் ரத்தத்தில் இருக்கும் அதே வகை இரும்பு வளையம். ஆக்சிஜன் அதில் ஒட்டினால் என்சைம் மந்தமாகும், சாவி உடைவது குறையும், மட்டம் ஏறும், நூற்பு நடக்கும். ஆக்சிஜன் குறைந்த ஆழத்தில் அதே என்சைம் சுறுசுறுப்பாகி மட்டத்தை இறக்கிவிடும். இதை 2001-ல் காட்டினார்கள். வரத்துப் பக்கம் இன்னொரு என்சைமில் எஃப்ஏடி என்ற துணை மூலக்கூறு ஒட்டியிருக்கிறது. அது ஆக்சிஜனேற்றம் அடைந்த நிலையில்தான் அதிக வேகம். இரண்டும் ஒரே திசையில் இழுப்பதைக் கவனியுங்கள். காற்று கிடைத்தால் ஒன்று மதகை மூடுகிறது, மற்றொன்று கால்வாயைத் திறக்கிறது. ஜாடியை உறுதியான மூடி போட்டு இறுக்கி வைத்துவிட்டு ஏடு வரவில்லை என்பவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. வெள்ளைத் துணியோ பஞ்சு அடைப்போ போதும். ஆழத்தை விட அகலமான பாத்திரம் நல்லது.

வரத்து என்சைம்கள் பலவற்றுக்குச் சொந்தமாகவே ஒரு கடிவாளம் உண்டு. ஜிஜிடிஇஎஃப் பகுதிக்குச் சற்று முன்னால் சாவி மூலக்கூறே வந்து ஒட்டும் இடம் ஒன்று இருக்கும். மட்டம் ஏறியதும் அது ஒட்டி, கால்வாயின் வாயையே அடைத்துவிடும். வரத்து என்சைமின் ஜீனைப் பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையத்தில் வைத்து, என்சைமை அளவுக்கு மீறிச் செய்தும் எதிர்பார்த்த ஏற்றம் வராவிட்டால், இந்தக் கடிவாளம் உள்ள என்சைமைத் தேர்ந்துவிட்டீர்களா என்று அதன் அமினோ அமில வரிசையில் பாருங்கள். அர்ஜினின், இடையில் ஏதோ இரண்டு, பிறகு அஸ்பார்டேட் என்று வரும்.

பூட்டு பிசிஎஸ்-ஏவிலேயே இருக்கிறது. அதன் கடைசிப் பகுதிக்குப் பில்-இசட் என்று பெயர். சாவி ஒட்டும் இடம் இதுவாக இருக்கலாம் என்று 2006-ல் அமிகாமும் கல்பெரினும் புரத வரிசைகளை ஒப்பிட்டே ஊகித்தார்கள். ஊகம் சரிதான் என்பது பின்னால் உறுதியானது. ஜோகன் சிம்மர் குழு, ரோடோபாக்டர் ஸ்பிராய்டிஸ் என்ற பாக்டீரியாவின் பிசிஎஸ்-ஏ, பிசிஎஸ்-பி இரண்டையும் சேர்த்துப் படிகமாக்கி, 2013-ல் அமைப்பை வெளியிட்டது. சாவி ஒட்டிய நிலையின் அமைப்பு 2014-ல் வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பூட்டு வேலை செய்யும் விதம் தெளிவாகத் தெரிகிறது.

என்சைமின் வேலை செய்யும் குழிக்கு முன்னால் நெகிழ்வான வளைவு ஒன்று தாழ்ப்பாள் மாதிரி கிடக்கிறது. அது விலகினால்தான் யுடிபி-குளுக்கோஸ் உள்ளே நுழையும். தாழ்ப்பாளை விலக விடாமல் பிடித்திருப்பது எதிரெதிர் மின்னேற்றங்கள் ஈர்க்கும் ஒரே ஒரு உப்புப் பிணைப்பு: 580-ஆம் இடத்து அர்ஜினினுக்கும் 371-ஆம் இடத்து குளுட்டமேட்டுக்கும் இடையில். சாவி மூலக்கூறுகள் இரண்டு ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பில்-இசட்டில் உட்காருகின்றன. உட்கார்ந்ததும் அந்த அர்ஜினின் குளுட்டமேட்டை விட்டுத் திரும்பி, சாவியைப் பிடித்துக்கொள்கிறது. பிணைப்பு அறுந்தது, தாழ்ப்பாள் தளர்ந்தது. இனி ஒவ்வொரு குளுக்கோஸுக்கும் தாழ்ப்பாள் ஒரு முறை உள்ளே போய் வெளியே வரும். அந்த அர்ஜினினை அலனினாக மாற்றினால் சாவியே இல்லாமல் எந்திரம் ஓடுகிறது. பூட்டு அங்கேதான் என்பதற்கு இதை விட நேரான ஆதாரம் கேட்க முடியாது.

சாவி வந்தும் ஓடாத சந்தர்ப்பம் ஒன்று உண்டு. குளுக்கோஸைக் கொடுத்த பின் மிச்சமாகும் யுடிபி குழியிலேயே தங்கிப் போட்டி போடும். செல்லுக்குள் அது உடனுக்குடன் திரும்பிப் பயன்படுவதால் தொல்லை இல்லை. சோதனைக் குழாயில் சுத்தம் செய்த புரதத்தை வைத்து வேகம் அளப்பவர்கள் முதல் சில நிமிடங்களைத் தாண்டி வரும் எண்ணை நம்பக் கூடாது.

ஈ.கோலி, சால்மோனெல்லா பக்கம் போனால் இந்தக் கட்டுப்பாட்டுச் சங்கிலி நீளும். அங்கே தலைமை அதிகாரி சிஎஸ்ஜி-டி என்ற புரதம். அது கர்லி என்ற புரத நாரைச் செய்யும் ஜீன்களையும் திறக்கும், டிஜிசி-சி என்ற வரத்து என்சைமின் ஜீனையும் திறக்கும். பழைய கட்டுரைகளில் டிஜிசி-சியின் பெயர் ஏடிஆர்-ஏ அல்லது ஒய்ஏஐ-சி. டிஜிசி-சி சாவியைச் செய்யும், சாவி பிசிஎஸ்-ஏவைத் திறக்கும். சிஎஸ்ஜி-டி தானே எழுவதற்கும் சாவியின் மட்டம் ஏற வேண்டும். டிஜிசி-இ வரத்து, பிடிஇ-எச் போக்கு. செல் நீந்தி வளரும் வரை பிடிஇ-எச் மட்டத்தைக் கீழே பிடித்து வைத்திருக்கும். வளர்ச்சி நிற்கும் கட்டத்தில் அது குறைய, மட்டம் ஏறும். ஏறியதும் இன்னொரு போக்கு என்சைமான பிடிஇ-ஆர், சாவியை வெட்டுவதில் மும்முரமாகி, தான் அடக்கி வைத்திருந்த டிஜிசி-எம் என்ற வரத்தையும் எம்எல்ஆர்-ஏ என்ற இயக்கியையும் விட்டுவிடும். அந்த இரண்டும் சேர்ந்து சிஎஸ்ஜி-டியை எழுப்பும். வெட்டுகிற என்சைமே உளவாளியாகவும் இருப்பது இந்தத் துறையில் எனக்குப் பிடித்த சங்கதி.

இந்தப் பக்கத்துப் பாக்டீரியாக்களில் கூடுதல் ஜீன்களும் உண்டு. பிசிஎஸ்-ஈ என்ற புரதமும் சாவியைப் பிடிக்கும். பிசிஎஸ்-ஜி, செல்லுலோஸ் சங்கிலியில் பாஸ்போஎத்தனாலமீன் என்ற குழுவை ஒட்டுகிறது என்று 2018-ல் சயின்ஸ் இதழில் வந்தது. பிசிஎஸ்-கியூ இல்லாவிட்டால் எந்திரமே ஓடாது. நம் கல்லூரி லேப்களில் கைக்கு எட்டும் ஈ.கோலி கே-12 வகைகளில் மாட்டிக்கொள்வது இந்த பிசிஎஸ்-கியூவில்தான். அதன் ஜீனில் ஆறாவது கோடான், அதாவது ஆறாவது அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்து, நிறுத்தக் குறியாக மாறிக் கிடக்கிறது. செல்லுலோஸ் வராது. கே-12 வகைகளான டிஹெச்5-ஆல்ஃபாவிலோ எம்ஜி1655-லோ வரத்து என்சைமை ஏற்றிவிட்டு ஏன் வரவில்லை என்று மாதக்கணக்கில் தேடுவது வீண். அந்த ஒரு எழுத்தைச் சரிசெய்த ஏஆர்3110 என்ற வகையை 2013-ல் ஜெர்மனியில் செய்தார்கள். இல்லையேல் சால்மோனெல்லா டைஃபிமூரியம், அல்லது ஈ.கோலி நிஸில் 1917. நிஸில் 37 டிகிரியிலும் செல்லுலோஸ் செய்யும் என்பது தனி வசதி. சால்மோனெல்லா நோய்க்கிருமி, பாதுகாப்பு வசதி உள்ள லேபில், வழிகாட்டும் ஆசிரியரின் அனுமதியோடு மட்டும்.

இந்த ஈ.கோலி, சால்மோனெல்லா வகைகளில் செல்லுலோஸ் வருகிறதா என்று பார்க்கும் பிளேட் சோதனை எளிது, ஆனால் ஏமாற்றும். ஒரு லிட்டருக்கு டிரிப்டோன் 10 கிராம், ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் 5 கிராம், அகார் 15 கிராம். உப்பு கிடையாது. ஆட்டோகிளேவ் செய்து 55 டிகிரிக்கு ஆறியதும் இரண்டு சாயங்கள்: காங்கோ ரெட் 40 மில்லிகிராம், கூமாசி பிரில்லியன்ட் புளூ 20 மில்லிகிராம். கையில் மில்லிக்கு 10 மில்லிகிராம் கரைசல் இருந்தால் காங்கோ ரெட் 4 மில்லி. பிளேட்டுக்கு 20 மில்லிக்குக் குறையாமல் ஊற்றுங்கள். மெல்லிய பிளேட் மூன்றாம் நாளே காய்ந்து விளிம்பு சுருங்கும், அந்தச் சுருக்கத்தைக் காலனியின் சுருக்கம் என்று தவறாக எடுத்துக்கொள்வார்கள். ராத்திரி வளர்த்த கல்ச்சரில் 5 மைக்ரோலிட்டர் பொட்டு வைத்து 28 டிகிரியில் 2 முதல் 5 நாள்.

கர்லியும் செல்லுலோஸும் இரண்டும் இருந்தால் சிவந்து, உலர்ந்து, சொரசொரப்பாக இருக்கும். செல்லுலோஸ் மட்டும் என்றால் இளஞ்சிவப்பு. கர்லி மட்டும் என்றால் பழுப்பு. இரண்டும் இல்லையென்றால் வழுவழு வெள்ளை. காங்கோ ரெட் கர்லியையும் பிடிக்கும் என்பதால் 'சிவப்பு, ஆகவே செல்லுலோஸ்' என்று எழுதிவிடக் கூடாது. கால்கோஃப்ளோர் என்ற ஒளிரும் சாயம் கலந்த இன்னொரு பிளேட்டும் சேர்த்துப் போட்டு 366 நானோமீட்டர் புற ஊதா விளக்கில் பாருங்கள். செல்லுலோஸ் இருந்தால் நீலமாக ஒளிரும். பிசிஎஸ்-ஏ ஜீன் இல்லாத மியூட்டன்ட் (மாற்றப்பட்ட வகை) ஒன்று ஒவ்வொரு பிளேட்டிலும் பக்கத்தில் இருக்க வேண்டும். அது இல்லாத படத்துக்கு அர்த்தம் சொல்ல முடியாது.

இந்தச் சோதனை நம் ஊரில் கெடுவது இரண்டு இடத்தில். முதலாவது, பாக்கெட்டில் வரும் எல்பி அகார் பொடி. அதில் உப்பு ஏற்கெனவே கலந்திருக்கும். உப்பு சிஎஸ்ஜி-டியை அமுக்கும். இரண்டாவது, 'ரூம் டெம்பரேச்சர்' என்ற சொல். வெளிநாட்டுக் கட்டுரையில் அது 22 முதல் 25 டிகிரி. வேலூரில் மே மாதம் வெளியே 40 தாண்டும். ஏசி இல்லாத லேபில் மேசை மேல் 35-க்குக் குறையாது. சால்மோனெல்லா டைஃபிமூரியத்தின் சிவப்புச் சொரசொரப்பு 37 டிகிரியில் வராது. ஜனவரியில் மேசையில் வைத்து வந்தது, ஏப்ரலில் வரவில்லை என்றால் கிருமி மாறவில்லை, காலம் மாறியிருக்கிறது. சூடாக்க மட்டும் தெரிந்த இன்குபேட்டரும் ஏப்ரலில் உதவாது. 28 டிகிரி வேண்டுமென்றால் குளிர்விக்கவும் தெரிந்த பெட்டி வேண்டும்.

சைலினஸுக்கும் இதே வெயில்தான் எதிரி. 28 முதல் 30 டிகிரி அதற்குச் சரி. 35-ஐ நெருங்கினால் ஏடு மெலியும். லேபில் வழக்கமான மீடியம் ஹெஸ்ட்ரினும் ஷ்ராமும் 1954-ல் எழுதியது. லிட்டருக்கு குளுக்கோஸ் 20 கிராம், பெப்டோன் 5, ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் 5, டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 2.7, சிட்ரிக் அமிலம் 1.15 கிராம், பிஎச் 6. ஆறிய பிறகு எத்தனால் 10 மில்லி சேர்க்கலாம். உறை மோர் மாதிரி, முந்தைய கல்ச்சரில் 10 சதவீதம் ஊற்றி, ஆடாமல் அசையாமல் 7 முதல் 10 நாள். ஜாடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தால் ஏடு மூழ்கும், அதன் மேல் புது ஏடு படியும், கடைசியில் ஒட்டாத அடுக்குகளாகக் கிடைக்கும்.

கணக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு கிராம் குளுக்கோஸ் முழுதும் செல்லுலோஸானால் 0.9 கிராம். 20 கிராமுக்கு 18 கிராம் உச்சவரம்பு. உலர்த்தி எடை போட்டால் சாதாரணமாக லிட்டருக்கு 2 முதல் 4 கிராம்தான் தேறும். மீதி எங்கே? செல்லின் வெளிப்பக்கத்திலேயே குளுக்கோஸ் டிஹைட்ரஜனேஸ் என்ற என்சைம் குளுக்கோஸை குளுக்கோனிக் அமிலமாக மாற்றிவிடுகிறது. சர்க்கரை உள்ளே போய்ச் சேருவதற்கு முன்பே வழியில் பிடுங்கிக்கொள்ளப்படுகிறது, கூடவே பிஎச் 4-க்கும் கீழே சரிகிறது. அதனால்தான் குளுக்கோஸை 20-லிருந்து 50 கிராமாக ஏற்றினால் ஏடு கூடாமல், சில சமயம் குறைகிறது. அந்த என்சைம் கெட்ட மியூட்டன்ட் அதே குளுக்கோஸில் அதிகம் நூற்கிறது என்று காட்டியிருக்கிறார்கள். ஜீனைத் தொட வசதி இல்லாதவர்கள் குளுக்கோஸில் ஒரு பகுதிக்குப் பதில் மேனிட்டாலோ கிளிசராலோ போட்டுப் பார்க்கலாம். மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் பிஎச் எழுதி வையுங்கள்.

எடுத்த ஏட்டை 0.1 நார்மல் காஸ்டிக் சோடாவில், அதாவது லிட்டருக்கு 4 கிராம், 80 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, தண்ணீர் மாற்றி மாற்றிப் பிஎச் 7 வரும் வரை கழுவ வேண்டும். பழுப்பு நிறம் போய்க் கண்ணாடி மாதிரி ஆகும். சீக்கிரம் வெளுக்கட்டும் என்று காஸ்டிக்கை 10 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோனால் செல்லுலோஸின் படிக வடிவமே மாறத் தொடங்கும்.

தோல் தொழில்காரர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. ஒரு சென்டிமீட்டர் தடித்த ஏடு காய்ந்தால் காகிதம், ஏனென்றால் அதில் 99 சதவீதம் தண்ணீர். கிளிசரால் ஏற்றாவிட்டால் மடிப்பில் வெடிக்கும். ஏற்றினால் மழைக்காலத்தில் ஈரம் குடிக்கும். தோலில் கொலாஜன் நார் முப்பரிமாணத்தில் பின்னிக் கிடக்கிறது. ஏட்டில் இழைகள் பாய் விரித்த மாதிரி அடுக்கடுக்காக. ஷூவின் மேல்தோலுக்கு இன்றைய நிலையில் இது மாற்றாகாது என்பதே என் கணிப்பு. கைப்பை உறை, டைரி அட்டை என்றால் பேசலாம். வாங்கும்போது தடிமனைக் கேட்காமல் உலர் எடையையும் படிகத் தன்மையையும் கேளுங்கள். படிகத் தன்மையைத் தீர்மானிப்பதில் பிசிஎஸ்-டி, அதோடு சேர்ந்து நிற்கும் சிசிபி-ஏஎக்ஸ் என்ற புரதம், சிஎம்சி-ஏஎக்ஸ் என்ற செல்லுலேஸ் ஆகியவற்றுக்குப் பங்கு உண்டு. செல்லுலோஸை வெட்டும் என்சைம் செல்லுலோஸ் செய்யத் தேவைப்படுவது விசித்திரம்தான், ஆனால் அந்த ஜீன் கெட்டால் நாடா முறுக்கிக்கொள்கிறது, விளைச்சலும் குறைகிறது. சிக்கலான இழைகளை அது கத்தரித்து விடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். படிகமாவதுதான் வேகத்தை மட்டுப்படுத்துகிறது என்பதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. கால்கோஃப்ளோர் சேர்த்தால் இழைகள் ஒன்றோடொன்று சேர முடியாமல் போகும். அப்போது கோக்கும் வேகம் குறையாமல் பல மடங்கு ஏறுகிறது. 1980-ல் வந்த முடிவு இது.

சாவியின் அளவை நேரடியாக அளக்க விரும்புபவர்களுக்கு எல்சி-எம்எஸ் என்ற, மூலக்கூறுகளைப் பிரித்து நிறை பார்த்து அளக்கும் கருவி உள்ள வசதிக்கு அனுப்புவதைத் தவிர வேறு நம்பகமான வழி குறைவு. செல்லை அசிட்டோநைட்ரைல், மெத்தனால், தண்ணீர் 2:2:1 கலவையில் போட்டு, 95 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்கி, உடனே குளிர வைப்பது வழக்கம். வேகம் முக்கியம். மைய விலக்கியில் சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தால் போக்கு என்சைம்கள் மட்டத்தை இறக்கிவிடும். சைலினஸில் இன்னொரு சங்கடம். செல்கள் ஏட்டுக்குள் சிக்கியிருக்கும். செல்லுலேஸ் ஊற்றி மணிக்கணக்கில் கரைத்து வெளியே எடுத்தால், நீங்கள் அளப்பது ஏட்டில் இருந்த செல்லின் மட்டமே அல்ல. ஏட்டோடு சேர்த்து நறுக்கிக் கலவையில் போட்டு, புரத அளவுக்கு ஈடுகட்டிக் கணக்கிடுங்கள். கலங்கலை ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் பார்த்து ஈடுகட்டும் வழி இங்கே செல்லாது.

கடைசியாக, கல்ச்சர் 'சோர்ந்துபோவது'. ஷேக்கரில் வளர்த்தால் சில தலைமுறையில் ஏடே வராத செல்கள் மிஞ்சிவிடும். நூற்பது செலவு, குலுக்கும் குடுவையில் எல்லோருக்கும் காற்று கிடைப்பதால் நூற்காத செல் வேகமாகப் பெருகும். ஐஎஸ்1031 போன்ற தாவும் டிஎன்ஏ துண்டு ஜீனுக்குள் குதித்துக் கெடுப்பதால் இப்படி ஆவதை 1990-களின் தொடக்கத்திலேயே கண்டார்கள். எத்தனால் சேர்ப்பதன் பயன்களில் ஒன்று இந்தச் சோம்பேறிகளை மட்டுப்படுத்துவது. இதற்கு நேர் எதிர்த் திசையில் சூடோமோனாஸ் ஃபுளோரசென்ஸ் போகும். அதை 28 டிகிரியில் அசையாத குழாயில் சில நாள் விட்டால் சுருக்கம் சுருக்கமான காலனிகள் எழும். டபிள்யூஎஸ்பி-எஃப் என்ற தடுப்புப் புரதம் கெட்டு, டபிள்யூஎஸ்பி-ஆர் என்ற வரத்து என்சைம் கட்டவிழ்ந்து, சாவி பெருகி, செல்லுலோஸ் ஏடு மேலே படிகிறது. குலுக்கினால் நூற்காதவன் ஜெயிக்கிறான், அசையாமல் விட்டால் மேலே மிதப்பவன் ஜெயிக்கிறான்.

ஆகவே உறை எடுக்கும் இடத்தைக் கவனியுங்கள். ஜாடியின் அடித் தண்ணீரை அடுத்த ஜாடிக்கு ஊற்றுவது நூற்காத செல்களைப் பொறுக்கி எடுப்பதற்குச் சமம். ஏட்டின் நடுவிலிருந்து ஒரு சென்டிமீட்டர் சதுரம் வெட்டி, கிருமி நீக்கிய செல்லுலேஸ் 0.1 சதவீதம் கலந்த மீடியத்தில் ஓர் இரவு கரைத்து, பிளேட்டில் பரப்பி, கெட்டியான, கம்பி வைத்து இழுத்தால் முழுதாக நகரும் காலனிகளை மட்டும் எடுங்கள். தட்டையாக, பளபளப்பாக, கம்பியில் குழைந்து வருவதை விட்டுவிடுங்கள். எடுத்த ஒவ்வொன்றையும் சிறு குழாயில் அசையாமல் 3 நாள் வளர்த்து ஏடு படிகிறதா என்று பார்த்த பிறகே 20 சதவீதக் கிளிசராலில் மைனஸ் 80-ல் வையுங்கள். மைனஸ் 80 இல்லாத இடத்தில் ஏட்டுத் துண்டோடு கூடிய கல்ச்சரையே நான்கு டிகிரியில் வைத்து, மாதம் ஒரு முறை புது மீடியத்துக்கு மாற்றுங்கள். அப்போதும் ஏட்டிலிருந்துதான்.